விடை எழுதும் கருவியும் வினவும் மனமும்: கொல்லிமலை மாணவரை முன்வைத்து

கற்க உதவும் கருவி ஒன்று சிந்திக்கும் பழக்கத்தை வளர்க்குமா, தேய்க்குமா? எழுத்து புதிதாக இருந்த காலத்திலேயே எழுந்துவிட்ட கேள்வி இது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் உயர்கல்வியில் மறுபடி முன்னே வந்து நின்றது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டு அதை இன்னும் நெருக்கமாக்கியது. அந்த ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்பிளெக்சிட்டி புரோவை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. கூகுள், கல்லூரி மாணவர்களுக்கு ஜெமினியின் கட்டணப் பதிப்பை ஓராண்டுக்குத் திறந்துவிட்டது. நவம்பரில் சாட்ஜிபிடி கோவும் இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமானது. புதிய கல்விக் கருவிகள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை முதலில் சேர்ந்து, பல ஆண்டு கழித்து மற்றவர்களுக்கு வருவதுதான் வழக்கம். இம்முறை அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில், செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வளர்ந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கி, நாமக்கல், ராசிபுரம், சேலம் கல்லூரிகளில் படிக்கும் மலையாளிப் பழங்குடி மாணவரின் கைபேசியிலும் இந்தக் கருவி இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர் அவர். இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டுவரும் விடைகள் அவர் விஷயத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பாஸ்டனிலும் லண்டனிலும் எடுக்கப்பட்ட முடிவுகளை அப்படியே இங்கே இறக்கிவைத்துப் பேசுவது இப்போது பரவலாகிவிட்டதால் இது தேவைப்படுகிறது.

பழைய அச்சங்கள், பழைய விடைகள்

பிளேட்டோவின் பைட்ரஸ் உரையாடலில் சாக்ரட்டீஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் அதை அரசனிடம் கொண்டுவருகிறது. எழுத்து நினைவைப் பலவீனமாக்கும், அறிவு இருப்பதுபோன்ற தோற்றத்தை மட்டும் தரும் என்று அரசன் மறுத்துவிடுகிறான். ஒவ்வொரு புதிய கருவி வரும்போதும் இந்தக் கதையை எடுத்துச் சொல்லி, அன்றைய பயம் வீணாய்ப் போனதுபோல் இன்றைய பயமும் வீண்தான் என்பார்கள். அரசன் முற்றிலும் தவறிவிடவில்லை. எழுத்து பரவிய சமூகங்களில் பெரிய நினைவாற்றல் மரபுகள் தேய்ந்தன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடமாகச் சொன்ன பயிற்சி இன்று எங்கும் இல்லை. இழப்பு நடந்தது. அதற்கு ஈடாக வந்தது பெரிதாக இருந்ததால் அது மறக்கப்பட்டது.

தமிழ் மரபு கற்றலைப் பற்றி வைத்திருந்த கணக்கு வேறு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கற்றதில் கால் பங்குதான் சேரும் என்கிறது. உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு விரித்துச் சொல்வதில் மீதி அரைப் பங்கு. வினாவுவதும், பிறர் வினாவியதற்கு விடை சொல்வதும் அங்கே பாடம் கேட்கும் முறையிலேயே அடங்கும். செயற்கை நுண்ணறிவு இந்த மூன்றில் எந்தப் பங்கை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி, இன்றைய ஆய்வுகள் பலவற்றைவிடத் துல்லியமாக எனக்குப் படுகிறது. ஆசிரியரின் கால் பங்கை அது ஓரளவு ஈடுகட்டக்கூடும். விரித்துச் சொல்லும் அரைப் பங்கை மாணவரிடமிருந்து அது வாங்கிக்கொண்டால் நிலைமையே வேறு.

நம் காலத்துக்கு நெருங்கிய முன்னுதாரணம் கணிப்பான். 1986இல் ஹெம்ப்ரீயும் டெசார்ட்டும் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்புப் பாடத்தோடு சேர்ந்து கணிப்பானைப் பயன்படுத்திய சராசரி மாணவர்களின் கைக்கணக்குத் திறன் கெடவில்லை. பல வகுப்புகளில் கூடியது. நாலாம் வகுப்பு மட்டும் விலக்கு. அங்கே தொடர்ந்த பயன்பாடு அடிப்படைத் திறனுக்கு இடைஞ்சலானதாகத் தெரிந்தது. கணிப்பானை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியைச் சொல்வார்கள், விலக்கைச் சொல்வதில்லை. ஒரு திறன் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் கருவி வருவதும், உருவான பிறகு வருவதும் ஒன்றாக இருக்கவில்லை என்பதே அந்த விலக்கு தரும் குறிப்பு.

தேடுபொறி வந்தபோதும் இதே கதை. இணையத்தில் கிடைக்கும் என்று தெரிந்ததை மனம் நினைவில் வைப்பதில்லை என்று 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஸ்பேரோ குழுவின் ஆய்வு பெரும்புகழ் பெற்றது. 2018இல் புகழ்பெற்ற சமூக அறிவியல் சோதனைகளை ஒரு பெரிய கூட்டு முயற்சி திரும்பச் செய்துபார்த்தபோது, அந்த ஆய்வின் சோதனையும் பழைய முடிவைத் தரவில்லை. இன்று தலைப்புச் செய்தியாகும் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நிலைப்பாடு: சுமையை இறக்கிவைத்த மனம் பலவீனமாகும்

கருவியிடம் வேலையைக் கொடுத்தால் அந்த வேலைக்கான தசை மெலிந்துவிடும் என்பது இந்தத் தரப்பு. 2025இல் இதற்கு மூன்று ஆய்வுகள் அடிக்கடி சாட்சியாக அழைக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 319 அலுவலகப் பணியாளர்களிடம் கேட்டதில், கருவியை அதிகம் நம்புகிறவர்கள் குறைவாக ஆராய்வதாகவும், தம் திறமையை நம்புகிறவர்கள் அதிகம் ஆராய்வதாகவும் தெரிந்தது. பிரிட்டனில் 666 பேரிடம் கெர்லிக் நடத்திய ஆய்வு, கருவிப் பயன்பாடு கூடக்கூடத் திறனாய்வுச் சிந்தனை மதிப்பெண் குறைவதைக் காட்டியது. இளையவர்களிடம் சார்பு அதிகம். எம்ஐடி மீடியா லேப் ஆய்வில் 54 பேர் கட்டுரை எழுதியபோது மூளை அலைகள் பதிவுசெய்யப்பட்டன. சாட்ஜிபிடியோடு எழுதியவர்களின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு மற்றக் குழுக்களைவிடத் தளர்ந்திருந்தது. தாங்களே சமர்ப்பித்த கட்டுரையிலிருந்து ஒரு வரியைச் சரியாகச் சொல்லவும் பலர் தடுமாறினார்கள்.

மூன்றுக்கும் குறைகள் உண்டு. முதலாவது, தாம் எவ்வளவு சிந்தித்தோம் என்று பணியாளர்களே சொன்னதை நம்பி நிற்கிறது. இரண்டாவது காட்டுவது உடன்நிகழ்வை. சிந்திக்கும் பழக்கம் குறைந்தவர்களே கருவியை அதிகம் நாடினார்கள் என்றும் அதே எண்களைப் படிக்கலாம். மூன்றாவது, சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்பட்டது. அதன் நாலாம் அமர்வுக்கு வந்தவர்கள் 18 பேர் மட்டுமே. இவற்றில் எதுவும் தமிழ் வழியில் படித்த மாணவர்களைப் பார்க்கவில்லை.

இத்தரப்பின் வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. துருக்கியின் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1000 மாணவர்களிடம் பஸ்தானி குழு நடத்திய கணிதச் சோதனை அது. எப்போதும்போல் விடை சொல்லும் கருவியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாகச் சரி செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குலுக்கல் முறையில் வகுப்புகளைப் பிரித்துச் செய்த சோதனை என்பதால் இதை எளிதில் தள்ள முடியாது. பள்ளிக் கணிதத்தில் கிடைத்த முடிவு கல்லூரி வரலாற்றுக் கட்டுரைக்கும் பொருந்துமா என்பது மட்டும் தனிக் கேள்வி.

இரண்டாம் நிலைப்பாடு: தனி ஆசிரியர் இல்லாதவருக்கு ஓர் ஆசிரியர்

அதே துருக்கிச் சோதனையில் இன்னொரு குழுவும் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த கருவி நேரடியாக விடை சொல்லாது. ஆசிரியர்கள் எழுதித்தந்த குறிப்புகளின்படி படிப்படியாக வழிகாட்டும். பயிற்சியில் அவர்கள் 127 சதவீதம் முன்னேறினார்கள். பின்னர் கருவியில்லாத் தேர்வில் அந்தப் பின்னடைவு பெரும்பாலும் காணப்படவில்லை. ஹார்வர்டில் 194 இயற்பியல் மாணவர்களிடம் நடந்த சோதனையில், கவனமாக வடிவமைத்த செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் படித்தவர்கள் வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் இரு மடங்குக்கு மேல் கற்றார்கள். ஆனால் அளந்தது ஓரிரு பாடங்களை; அதுவும் படித்து முடித்த கையோடு.

நம் ஊரில் இந்தத் தரப்பு பேசுவதற்கு ஹார்வர்டு தேவையில்லை. பள்ளியில் தமிழ் வழி, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலப் பாடநூல் என்று வரும் மாணவர் இங்கே ஏராளம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழிப் பொறியியலைத் தொடங்கிய பிறகும் அந்தப் பாதை குறுகலாகவே இருந்துவருகிறது. முதல் ஆண்டில் புரியாத பாடத்தை எழுந்து கேட்கக் கூச்சப்பட்டு, அரியர் வைத்து, மூன்றாம் செமஸ்டரில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். நள்ளிரவிலும் சலிக்காமல் ஒரே கேள்விக்குப் பத்து விதமாகத் தமிழில் விளக்கம் சொல்லும் ஒன்று கிடைத்திருக்கிறது என்றால், அதன் நன்மையைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. தேசிய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

பலவீனம் இரண்டு. மாணவர் கையில் இருப்பது ஹார்வர்டு வடிவமைத்த ஆசான் அல்ல. கேட்டதும் முழு விடை எழுதித்தரும் பொதுக் கருவி. துருக்கிச் சோதனையில் பின்னடைவைத் தந்தது இந்த வகைதான். இன்னொன்று மொழி. இக்கருவிகள் கற்ற எழுத்தில் தமிழின் பங்கு மிகக் குறைவு; தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக வெட்டித்தான் அவை படிக்கின்றன. பிழையான தகவலையும் நல்ல தமிழில் தயக்கமின்றிச் சொல்லும்போது, பாடம் தெரியாத மாணவர் எதைக் கொண்டு சந்தேகிப்பார்?

மூன்றாம் நிலைப்பாடு: குற்றவாளி வினாத்தாள்

கருவி வருவதற்கு முன்பே நம் உயர்கல்வியில் சிந்தனைக்கு அவ்வளவு இடமில்லை, ஆகவே இழப்பதற்கு அதிகமில்லை என்பது மூன்றாவது தரப்பு. கேட்கக் கடுமையாக இருந்தாலும் இதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட சாட்சியம் உண்டு. 1902இன் இந்தியப் பல்கலைக்கழகக் குழு, கற்பித்தல் தேர்வுக்கு அடிமையாகிவிட்டதே பெரிய தீமை என்றது. 1948-49இன் ராதாகிருஷ்ணன் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்றது.

நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் தனி இடம். கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் உருவான உறைவிடப் பள்ளிகளுக்கு மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் முறை மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. 2017இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியதற்கும், 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கும் இந்தப் போக்கு முக்கியக் காரணம். அந்தப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது. கல்லூரிக்கு வந்தால் கைடு, ஜெராக்ஸ் கடை நோட்ஸ், ஐந்தாண்டு வினாத்தாள் தொகுப்பு. அசைன்மென்ட் என்பது பெரும்பாலும் ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் பெயர்ப்பது. இன்டர்னல் மார்க்குக்காக எழுதப்பட்ட அந்தத் தாள்களைக் கருவி எழுதித்தருவதால் போனது என்ன என்று இத்தரப்பு கேட்கிறது.

கேள்வி நியாயமானது. ஆனாலும் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். பார்த்து எழுதினாலும், கையால் எழுதும்போது சில வாக்கியங்கள் புரிந்தன. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று ஒரு சிறு தேர்வாவது மாணவர் செய்தார். மேலும், மோசமான தேர்வுமுறை நம்மைக் கட்டிப்போட்டிருந்தாலும், அதற்கு வெளியே நூலகத்திலும் விடுதி அறையிலும் வாசகர் வட்டத்திலும் சிந்திக்கக் கற்ற தலைமுறைகள் இங்கே இருந்தன. அந்த இடங்களையும் கருவி நிரப்பிவிடக்கூடும் என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காம் நிலைப்பாடு: எதைப் பற்றிச் சிந்திப்பது?

திறனாய்வுச் சிந்தனை என்பது எங்கும் பயன்படும் ஒரு பொதுத் திறன் என்று 1960களில் ராபர்ட் என்னிஸ் முதலியோர் விளக்கினார்கள். 1981இல் ஜான் மெக்பெக் மறுத்தார்: சிந்தனை எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றியது, அந்தப் பொருளைப் பற்றிய அறிவு இல்லாமல் அதில் சிந்திக்கும் திறன் மட்டும் தனியாக இருக்க முடியாது. இந்தப் பழைய விவாதம் இப்போது புதிய உயிர் பெற்றிருப்பதாக நினைக்கிறேன். கருவி தரும் விடையைச் சோதிக்கப் பொது விழிப்பு போதுமென்றால் ஒரு பயிலரங்கம் நடத்தி முடித்துவிடலாம். பொருளறிவு வேண்டுமென்றால் அது நீண்ட வேலை.

கொல்லிமலை மாணவருக்குக் கொடுக்கத்தக்க ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: மலையில் சாமையும் தினையும் ஏன் குறைந்தன?

எழுதப்பட்ட விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. 1990களிலிருந்து அங்கே வேலை செய்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் எழுத்துகளில் பயிர்ப் பன்மையின் இழப்பு மையமாக இருக்கும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக இருந்த விதைகள் மரவள்ளிக்கு இடம்விட்டன. மீட்க விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம், சந்தை ஏற்பாடு என்று அந்த நிறுவனம் செயல்பட்டது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளும், 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் மரவள்ளிக் கிழங்குக்கு நிலையான சந்தை தந்தன என்பது பொருளாதார விடை. ரேஷன் அரிசி வந்ததும் உணவுப் பழக்கம் மாறியது என்பது இன்னொன்று. மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2006இலும் 2007இலும் எழுதியவை வேறு திசையைக் காட்டுகின்றன: மழையின் போக்கு, சிறுதானியத்தைக் குத்திப் புடைக்கும் உழைப்பு, கையில் காசு வேண்டிய தேவை, அரிசிச் சோற்று ஆசை எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து உழவர்களே மரவள்ளியைத் தேர்ந்தார்கள். மரபை மறந்த மக்கள் என்று ஒரு விடையிலும், யோசித்து முடிவெடுத்த மக்கள் என்று இன்னொரு விடையிலும் அதே மனிதர்கள் தோன்றுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பவை அல்ல. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்தான் பிணக்கு.

இந்தக் கேள்வியைக் கருவியிடம் கொடுத்தால் நான்கு காரணங்களையும் சமமாக வரிசைப்படுத்தி ஒழுங்கான கட்டுரை வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆரம்பமாக அது பயனற்றதல்ல. அதில் இல்லாதது எடை. எந்தக் காரணம் எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில், ஆணுக்கா பெண்ணுக்கா அதிகம் என்பதை அறிய மாணவர் வாழவந்திநாட்டிலோ வளப்பூர்நாட்டிலோ உள்ள தன் பாட்டியிடம், அப்பத்தாவின் தங்கையிடம், மரவள்ளி வியாபாரியிடம் கேட்க வேண்டும். உரலில் சாமை குத்திய கைக்கு அந்த உழைப்பு என்ன விலை என்று தெரியும். வெளியூர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காத சான்று இந்த மாணவரின் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. கருவியின் விடையையும் ஆய்வாளரின் விடையையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கும் தகுதி, நகரத்து மாணவரைவிட அவருக்கே அதிகம்.

இங்கேதான் மெக்பெக்கின் வாதத்துக்குக் கல்லூரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவருக்கு ஏற்கெனவே இருக்கும் பொருளறிவை எந்தப் பாடத்திட்டமும் கேட்பதில்லை. பழங்குடி வேளாண்மை பற்றிப் பத்து மதிப்பெண் வினா வந்தாலும் எதிர்பார்க்கப்படும் விடை கைடில் உள்ளதே. இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு: வேதியியல் சமன்பாட்டுக்கோ கணினி நிரலுக்கோ பாட்டியிடம் சான்று கிடைக்காது. உள்ளூர் அறிவு எல்லாப் பாடத்துக்கும் தாங்கு ஆகாது. முதியவர் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதையும் அதே மாணவர் கற்றாக வேண்டும்.

காவல் காக்கும் வழி

கருவியால் எழுதியதைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது என்ற வழி நீண்ட விவாதத்துக்கு உரியதாகத் தெரியவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் கண்டறியும் மென்பொருளைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் தானே நிறுத்தியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய மென்பொருள்களில் இட்டார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் ஆங்கிலம் எழுதும் நம் மாணவர்களை இதைக் கொண்டு குற்றவாளியாக்குவது அநீதி.

தீராமல் நிற்பவை

சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தானே முயலும் முன் முழு விடை வாங்கும் பயன்பாடு கற்றலைக் குறைக்கக்கூடும்; முயற்சிக்கு இடையே வழிகாட்டும் பயன்பாடு அவ்வளவு கெடுப்பதாகத் தெரியவில்லை. கற்றல் குறைவதும் திறனாய்வுச் சிந்தனை குறைவதும் ஒன்றா என்பது இன்னும் தீரவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசுகின்றன. சோதனைகளின் காலம் சில நாட்களிலிருந்து சில மாதங்கள் வரை, பட்டப்படிப்போ மூன்றாண்டு. முதல் தலைமுறை மாணவருக்குக் கருவி தரும் துணிச்சல், அவர் இழக்கும் பயிற்சியைவிடப் பெரிதா என்ற கணக்கும் திறந்தே கிடக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இதில் அவசரத் தீர்ப்பு ஆபத்தானது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டாண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. அவர்களில் ஒரு சிறு பகுதியையாவது, கொல்லிமலையும் கல்வராயனும் ஏற்காடும் சேர்ந்த சேலம் வட்டாரத்தில், முதல் செமஸ்டரிலிருந்து இறுதி செமஸ்டர் வரை தொடர்ந்து பார்க்கும் ஆய்வு சாத்தியமானதே. நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை, கருவி ஏதுமின்றித் தமிழில் ஒரு பிணக்குள்ள கேள்விக்கு எழுதச் சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அசைன்மென்ட் தலைப்புகளையும் வினாத்தாள்களையும் அதே கோப்பில் சேர்த்துவைக்க வேண்டும். மாணவரின் எழுத்தை மட்டும் அளந்து, அவரிடம் கேட்கப்பட்டது என்ன என்பதை அளக்காமல் விட்டால், தேய்மானத்தில் எது கருவியின் பங்கு, எது கல்லூரியின் பங்கு என்பதைப் பிரிக்கவே முடியாது.